பம்மல் புலிக்குச் சொந்தப் பெயர் வந்த கதை

பம்மலில் பிளவுஸ் தைத்துக்கொடுக்கும் செல்வமேரிக்கு ஏரியா ஃபேஸ்புக் குழுவில் மூன்று பெயர்கள் இருந்தன. ‘பம்மல் புலி’யாக கவுன்சிலரைத் திட்டுவார். ‘ரோஜாப்பூ’வாக எதிர்த் தையல்கடையைத் திட்டுவார். ‘உண்மை விளம்பி’யாக வந்து, மற்ற இரண்டு பேரும் சொன்னது சரி என்று சாட்சி சொல்வார். பகலெல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் பல்லைக் காட்டும் பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஒரு பெயர் நாறிப்போனால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம்.

குழுவை நடத்திவந்த, ரயில்வேயில் ஓய்வு பெற்ற தினகரனுக்கு ஒருநாள் பொறுமை போயிற்று. மகளை விட்டு ஏரியாவுக்கென்றே ஒரு ஆப் செய்யவைத்தார். ஒரு போன் நம்பருக்கு ஒரே ஆள், சொந்தப் பெயர், போட்டோ. போட்டதை அழிக்க முடியாது, கீழே திருத்தம் எழுதலாம். நம்பும்படி எழுதுகிறவர்களுக்கு மற்றவர்கள் ஸ்டார் தருவார்கள். பெயரைத் தொட்டால், அந்த ஆள் அதுவரை எழுதிய மொத்த ஜாதகமும் வந்துவிடும்.

செல்வமேரி இதையெல்லாம் படிக்கவில்லை. சேர்ந்த அன்றே, தன் கடை வாசலில் பைக்கை நிறுத்தும் பிரியாணிக் கடை துளசிங்கத்தின் மேலிருந்த கடுப்பில், அவருடைய பிரியாணியில் இருப்பது காக்காய்க்கறி என்று எழுதினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அந்த வரிக்கு மேலே, ஈஸ்டருக்கு எடுத்த போட்டோவில் செல்வமேரியே சிரித்துக்கொண்டிருந்தார்.

அழித்துவிடச் சொல்லி தினகரனிடம் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. துளசிங்கம் நேரிலேயே வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தால், ஒரு பொட்டலத்தைத் தையல் மிஷின் மேல் வைத்து, “துன்னு பார்த்துட்டு எழுதுக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தின்றார். கோழிதான். நன்றாகவும் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். ‘நான் எழுதியது பொய். பைக் மேல் கோபம். மன்னிக்கவும்’ என்று திருத்தம் போட்டார். ஆனாலும் ஷேர் ஆட்டோ முதல் சர்ச் வரைக்கும் ‘காக்கா அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மானம் போன பிறகு வைராக்கியம் வந்தது. கண்ணால் பார்க்காமல், வாயில் வைக்காமல் ஒரு வரி எழுதுவதில்லை. குன்றத்தூர் ரோட்டில் பள்ளம் என்றால் இஞ்சு டேப்போடு போய் அளந்தார். மழையில் எந்தத் தெருவில் கணுக்கால் தண்ணீர், எதில் முழங்கால் தண்ணீர் என்று நனைந்துகொண்டே சொன்னார். இரண்டு வருஷத்தில் முந்நூறு ஸ்டார். திட்டும் ஆசை மட்டும் போகவில்லை. டைப் அடித்து, ரசித்துப் படித்துவிட்டு, அனுப்பாமல் அழித்துவிடுவார். வீட்டில் பேசுவதற்கும் ஸ்டார் இருந்தால் தேவலை என்றார் கணவர் டேனியல்.

அப்போதுதான் டேனியலின் தம்பி டெனிஸ், அதற்குள் ஆப் பரவிவிட்ட கிழக்குத் தாம்பரத்தில் மெஸ் திறந்தார். “அண்ணி, நல்லதா நாலு வார்த்தை போட்டு வுடுங்க. நம்ம குடும்பந்தானே.”

போய்ச் சாப்பிட்டால், சாம்பாரில் பருப்பு தலைமறைவாகியிருந்தது. மீன்குழம்பைப் பற்றிப் பேசாமலிருப்பதே மீனுக்கு மரியாதை. மூன்று நாள் யோசித்துவிட்டு செல்வமேரி ஒரே வரி எழுதினார்: ‘கை கழுவும் இடம் சுத்தமாக இருக்கிறது.’

ஏரியாவுக்கே புரிந்துவிட்டது. டெனிஸ் மெஸ்ஸில் ஈ ஓட்டினார். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுப் பக்கமே வரவில்லை. நாலு நல்ல வார்த்தை போட்டுத் தொலைத்திருக்கலாமோ என்று செல்வமேரிக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் தன் போட்டோவுக்குக் கீழே இன்னொரு பொய் உட்காருவதை நினைத்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் டெனிஸ் சமையல்காரரை மாற்றினார். அவரே போன் செய்தார். “வந்து சாப்ட்டுப் போங்கண்ணி. எழுதணும்னு இல்ல.”

செல்வமேரி போய் இரண்டு முறை சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: ‘சாம்பார் தேறும். மீன்குழம்பு இன்னும் பழக வேண்டும்.’

மறுநாள் மதியம் மெஸ் வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள். சாயங்காலம் டெனிஸிடமிருந்து போன் வந்தது. நன்றியெல்லாம் சொல்லவில்லை. மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டார்.