லண்டனுக்குத் தப்பியோடும் மருந்து

எஸ்டேட் டிரஸ்ஸர் உத்தியோகம் என்பது காலி மருந்து அலமாரிக்குச் சாவி வைத்திருப்பது. அதில் மாரடித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலாயாவின் அவசரகாலத்தில் கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் பட்ட எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முந்தானைச் சோதனை

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறோ மருந்தோ போய்விடக் கூடாதென்று தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, முந்தானையை உதறச் சொல்வார்கள். இருமலுக்கு நான் கொடுத்த மாத்திரையை அஞ்சலை முந்தானையில் முடிந்திருந்தாள். காவலர்கள் பிடுங்கி எறிந்தார்கள். நேரே என்னிடம் வந்து கத்தினாள்: "இருமுறது நானு டிரசரய்யா, காட்டுல இருக்கிறவன் இல்ல லா!"

துரையின் கணக்கு

அடுத்த வாரமே அவள் புருஷன் கறுப்பையா நிமோனியாவில் விழுந்தான். கைவசம் இருந்த மலேரியா கொய்னாவுக்கும் இருமல் மிக்சருக்கும் கேட்கிற நோயா அது? பென்சிலின் ஊசி வேண்டும். சிரம்பான் டவுன் மருந்துக் கடையில் இருந்தது, யானை விலை. எஸ்டேட் செலவில் வாங்கித் தரும்படி வெள்ளைக்கார மேனேஜர் துரையிடம் போய் நின்றேன். தோட்டத்துத் தமிழில் பதில் சொன்னார்: "எங்க ஊர்ல அரசாங்கமே சும்மா போடுது. இங்க இந்த வெலைக்குக் கூலிக்காரனுக்குக் கட்டுப்படியாகாது, டிரஸ்ஸர்."

கப்பலேறும் ஊசி

அன்று மத்தியானம் மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டை கட்டிய தமிழர். தோட்டங்களுக்காவது விலையைக் குறைக்கக் கூடாதா என்று கெஞ்சினேன். இங்கே வாங்குவது துரைமார், விலையும் அவர்களுக்கு ஏற்றதுதான் என்றார். குறைத்துக் கொடுத்தால் எவனாவது அதைக் கப்பலேற்றி லண்டனிலேயே விற்றுவிடுவானாம். பிறகு அங்கே அரசாங்கம் கம்பெனிக்கு முழு விலை கொடுக்காதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷனின் கட்டிலருகே நின்ற அஞ்சலை முந்திக்கொண்டாள்: "எம் முந்தானையில இருந்த மாத்திரையே கேட்டத் தாண்டல. ஒங்க ஊசி கப்பலேறி சீமைக்குப் போயிருமாங்கய்யா?"

கடைசிச் சோதனை

கறுப்பையா பிழைக்கவில்லை. சுடுகாடு வேலிக்கு வெளியே இருந்தது. காவலர்கள் பாடையைக் கேட்டில் இறக்கச் சொல்லி, பிணத்தின் மேலிருந்த துணியை விலக்கி, உள்ளே கையை விட்டுத் துழாவினார்கள். தடுக்கப் போன என்னைத் துப்பாக்கியால் தள்ளினார்கள். பெண்கள் கேட் வரைதான் வருவது வழக்கம். அங்கேயே நின்றிருந்த அஞ்சலை சொன்னாள்: "நல்லாத் தேடுங்க. அந்த மருந்து இருந்திருந்தா இவரு ஏன் படுத்திருக்காரு?"

லண்டனுக்கும் ஓடவில்லை, காட்டுக்கும் போகவில்லை, கறுப்பையாவுக்கும் வரவில்லை. விலை குறையாமல் மருந்து மட்டும் பத்திரமாக இருந்தது.