டிக்கிக்குள் தையல்காரர்

ராத்திரி முழுக்க சும்மா நிற்கிற காரில் மின்சாரம் எங்கே போகிறது? தையல்காரரின் மனைவி இப்படிக் கேட்டபோது தெருவில் ஒருவரிடமும் பதில் இல்லை, இதை எழுதுபவரிடமும்தான்.

தையல்காரர் மட்டும் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பதிலைத் தேடிக்கொண்டிருந்தார். உதடுகளுக்கு நடுவில் நான்கு ஃபியூஸ்கள். கடையில் குண்டூசிகளைக் கவ்விப் பழகிய வாய் அது. கழற்றிய ஒவ்வொரு ஒயரிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தார். கழுத்தில் அளவு நாடா. காரில் அளவெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், "ம்ம்ம்" என்பார்.

"அதைத் துப்பிட்டுப் பேசுங்க."

துப்பினார். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஏதோ ஒண்ணு ராத்திரியெல்லாம் உறிஞ்சுது. ஆளு யாருன்னுதான் பிடிபடல."

எது கெட்டாலும் அவருக்கு ஒரு குற்றவாளி வேண்டும். முதலில் ஹாரனைச் சந்தேகப்பட்டு இணைப்பைப் பிடுங்கினார். அப்புறம் இரண்டு நாள், ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கொஞ்சம் ஒதுங்குங்கய்யா" என்று கெஞ்சியபடி ஓட்டினார். அடுத்து ரேடியோ. அது இப்போது தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு குறையுமில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் காலையில் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவது தையல்காரர் வேலை. அதன்பின் இவர் இருட்டும்வரை மிஷின்மேல் குனிந்திருப்பார். நர்ஸம்மா வீடு திரும்பியதும் அசந்து தூங்கிவிடுவார். இருவரும் உட்கார்ந்து பேசுவது அந்தக் காரில் மட்டும்தான். இதைத் தையல்காரர் வாய்விட்டுச் சொன்னதில்லை. "பஸ்ஸுல போனா உன் யூனிஃபார்ம் கசங்கிடும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"நாளைக்குக் காலையிலயும் மக்கர் பண்ணுச்சுன்னா அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்" என்றார் நர்ஸம்மா. "பழைய இரும்பு எடுக்கிறவரை அவரு ரெடியா வச்சிருக்காரு."

"உங்க அண்ணன் எதுலதான் ரெடியா இல்ல?"

தையல்காரர் பேட்டரிக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்தார். எல்லாவற்றையும் நிறுத்தியும் அது எரிந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள்விளக்குகளின் ஃபியூஸ் வெளியே வந்ததும் பல்பு அணைந்தது. "மாட்டினான்" என்றார். ஆனால் காருக்குள் எந்த விளக்கும் எரியவில்லை. மிச்சம் இருந்தது டிக்கி விளக்குதான். டிக்கியைத் திறந்தால் அது எரியும். மூடினால் அணைய வேண்டும். அணைந்ததா என்று திறந்து பார்த்தால், எரியும்.

கொஞ்சம் யோசித்தார். ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்தார். "மூடு."

"இந்த வயசுல இது தேவையா?"

"மூடுன்னா மூடு."

மூடினார்.

"எரியுது" என்று உள்ளேயிருந்து வெற்றிக்குரல் வந்தது. "இவன்தான்."

"சரி, வெளிய வாங்க. சாவி எங்க?"

டிக்கிக்குள் சாவி கிணுகிணுத்தது. "என் சட்டைப் பையில."

"அப்ப இரும்புக்காரர்கிட்ட உங்களையும் சேர்த்துத்தான் எடை போடணும்."

"சிரிக்காத."

"நான் எங்க சிரிச்சேன்?" நர்ஸம்மா சாய்ந்து நின்றதில் கார் குலுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே, அணையாத அந்த விளக்கின் வெளிச்சத்தில் தையல்காரருக்கு எல்லாம் தெரிந்தது. போன மாதம் டிக்கிக்குச் சிவப்பு வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டவர் அவரே. மூடி அழுத்தினால் விளக்கை அணைக்கும் சுவிட்சுக்காகத் துணியில் துளை விட்டு, அதன் கழுத்தைச் சுற்றித் தடிமனாக, அழகாகக் காஜா எடுத்திருந்தார். அந்தத் தடிப்புதான் சுவிட்சை இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்திருந்தது.

குற்றவாளி விளக்கின் உதவியாலேயே பூட்டின் திருகுகளைக் கழற்றி, தலையெல்லாம் வெல்வெட் தூசியோடு வெளியே வந்தார்.

"சுவிட்சுக்கு என்னவாம்?"

"காஜா கொஞ்சம் டைட்டு."

கத்திரிக்கோலை எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினார்.

மறுநாள் காலை, சாவியைத் திருகியதும் கார் உறுமியது. போகிற வழியெல்லாம் வார்டு விஷயங்கள். பிறகு தையல்காரர் முறை: இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்ட ஒரு கோட்டின் கதை. கோட்டுக்காரர் அதைப் போட்டுப் பார்க்கிற கட்டத்தில் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. அவர் காரை நிறுத்தினார்.

நர்ஸம்மா கதவைத் திறக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டார். கார் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியது.

பழைய கார் வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். அவர் வீட்டம்மாவிடம் தனியாக இன்னொரு தடவை சொல்லுங்கள்.