பின்னறையில் கூடிய குழு

பேரூராட்சியில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவருக்கு இரண்டு காதும் ஒரு பேனாவும் போதும். அபிப்பிராயம் என்று ஒன்று இருந்தால் அதைக் காலையில் வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு வர வேண்டும். நீங்களும் ஒரு பள்ளி நிர்வாகக் குழுவிலோ குடியிருப்போர் சங்கத்திலோ விழாக் கமிட்டியிலோ அகப்பட்டு, ‘இதர பொருள்கள்’ எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்தவராக இருந்தால், நான் சொல்லப்போகும் துன்பம் உங்களுக்குப் புதிதாக இராது.

எங்கள் ஊர், குலசேகரத்து ரப்பர் தோட்டங்களுக்கும் முட்டத்துக் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு பேரூராட்சி. ஆண்டுதோறும் மாசி பிறந்ததும் மன்ற உறுப்பினர் ஐவர் கொண்ட குழு கூடும். அடுத்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தையும், தூய்மைப் பணியாளர்களோடு செய்துகொள்ளும் வேலை ஒப்பந்தத்தையும் வரிவரியாகப் பார்த்து மன்றத்துக்குப் பரிந்துரைப்பது அதன் பணி. அது பேசுவதை எழுதுவது, இடையில் ஓர் இடமாறுதல் போக, பத்தொன்பது ஆண்டுகளாக என் பணி. இந்த ஆண்டு நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ரசவடைக்கு முன், ரசவடைக்குப் பின்

மூன்று பேர் இருந்தால்தான் குழுக் கூட்டம் செல்லுபடியாகும். மாலை நான்கு மணிக்கு எதிர்க்கடையிலிருந்து தேநீரும் ரசவடையும் வரும். ரசவடை தீர்ந்ததும் உறுப்பினர்களில் இருவருக்காவது வெளியே அவசர வேலை முளைத்துவிடும். ஆகவே விவாதம் வேண்டிய பொருள்களை நான்கு மணிக்கு முன்னும், எவரும் மறுத்துப் பேசாதவற்றை அதற்குப் பின்னும் வைப்பது என் வழக்கம். எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை. எந்த அலுவலகத்திலும் இது இல்லாமலும் இல்லை.

இந்த ஆண்டு தூய்மைப் பணியாளர் ஒப்பந்தத்தை முதற்பொருளாக வைத்தேன். குழுத் தலைவர் தாணுலிங்கம் அண்ணாச்சி, வயலும் வாழையும் வைத்திருக்கும் விவசாயி. எவரையும் கடிந்து பேச அறியாதவர். அதனாலேயே எந்தப் பொருளும் அவரிடம் சீக்கிரம் முடிவதில்லை. பட்டியலை வாங்கி மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சொன்னார்: “எப்பவும் தெருவிளக்குதானே முதல்ல வரும். என்ன மேடம், வடை வரதுக்கு முன்னாலயே எங்கள அழவைக்கப் பாக்கேளா?”

பத்தாம் எண் பூட்ஸ்

எங்கள் தூய்மைப் பணியாளர்கள் பதினாறு பெண்கள். அவர்கள் சார்பில் பேச வந்தவர் ஞானதங்கம். ஐம்பதை நெருங்கும் வயது; சத்தமில்லாத நடை. ஒப்பந்த வரைவில் அவர்கள் ஒன்பது பிரிவுகளைக் கேட்டிருந்தார்கள். இரண்டாம் பிரிவு காலணி பற்றியது. சென்ற ஆண்டே எல்லோருக்கும் பூட்ஸ் வழங்கப்பட்டுவிட்டதாகக் கோப்பில் இருக்க, மறுபடியும் ஏன் கேட்கிறார்கள் என்று குழு வியந்தது.

ஞானதங்கம் கையோடு கொண்டுவந்த பையிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அதன்மேல் ஒரு பூட்ஸை வைத்தார். பதினாறு ஜோடியும் ஒரே அளவு, ஆண்களுக்கான பத்தாம் எண். கழற்றி வைத்தால், ஓடை என்று நாங்கள் சொல்லும் சாக்கடையின் தண்ணீர் காலில், போட்டு நடந்தால் பூட்ஸ் சேற்றில் என்று அவர் விளக்கினார். துணிக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் பீர்கண்ணு முதலாளி, உள்ளே துணி திணித்துப் போட்டுக்கொள்ளலாகாதா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அதிகாரி ஆணானாலும் பெண்ணானாலும் ‘சாறே’தான், வணிகர் மட்டும் முதலாளி. அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஞானதங்கம் பதில் சொன்னார்: “முதலாளி, இதுக்குள்ள எனக்க ரெண்டு காலும் ஒண்ணா போவும். பொறவு ஓடையில எறங்குதது எப்படி, தவளை மாதிரி சாடிச் சாடியா?”

ஒன்பதாம் பிரிவு

பூட்ஸ் நிறைவேறியது. கையுறை, வார விடுப்பு, மருத்துவப் பரிசோதனை என்று எட்டுப் பிரிவுகள் சிறு திருத்தங்களோடு நிறைவேறின. ஒன்பதாம் பிரிவில் குழு நின்றது. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிக்கொள்ள, கதவும் தண்ணீரும் உள்ள ஓர் அறை வேண்டும் என்பது அது. இதைச் சில ஆண்டுகளாகவே கேட்டு வருகிறார்கள். சில ஆண்டுகளாகவே நான் ‘இடவசதி இன்மையால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுதி வருகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிகிறதே, வீட்டில் போய்க் குளித்தால் ஆகாதா என்று அண்ணாச்சி கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். தம் வீட்டுக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம் ஆகும் என்றார் ஞானதங்கம். ஒருமுறை பக்கத்து இருக்கையில் இருந்த பெண், ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து வேறிடம் போனாராம். அதிலிருந்து இவர் பேருந்தில் உட்காருவதில்லை. வண்டி காலியாக இருந்தாலும் பின்படிக்கு அருகில் நின்றுகொண்டே போகிறார். பதினாறு பேரில் ஒன்பது பேர் அப்படித்தான். இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அண்ணாச்சி ஒன்பதாம் பிரிவை இன்னொரு முறை படித்தார். பிறகு, நிதிநிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கலாம் என்று மெல்லச் சொன்னார். நானும் எழுதினேன். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று ஞானதங்கத்துக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்று என் பக்கம் திரும்பினார். “எட்டையும் நீங்கோ வச்சுக்கிடுங்கோ, சாறே. ஒன்பதை மட்டும் தாருங்கோ.”

முதலாளியின் இரும்பு அடிக்கோல்

பீர்கண்ணு முதலாளி வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கும் முறை தனி. கடையிலிருந்து ஓர் இரும்பு அடிக்கோலைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து நகர்த்துவார். மற்றவர்கள் பக்கங்களைப் புரட்டும்போது அவர் மூன்றாம் வரியில் இருப்பார். “வேய், துணி கிழிக்கவா வந்தீரு?” என்று அண்ணாச்சி கேலி செய்வதும், அவர் நிமிராமலே சிரிப்பதும் வழக்கம்.

அடுத்த அமர்வில் அந்த அடிக்கோல் ஓரிடத்தில் நின்று நகரவில்லை. ‘பணியாளர் ஓய்வறை பராமரிப்பு – சென்ற ஆண்டின்படி’ என்றிருந்தது அந்த வரி. சிறு தொகைதான். அதிலிருந்து என்ன வாங்கினோம் என்று கேட்டார். ஒரு மின்விசிறி, சன்னல் திரை, வெள்ளையடிப்பு, கதவுத் தாழ்ப்பாள் என்று கோப்பைப் பார்த்து வாசித்தேன். அறை எங்கே என்றார். எவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கூட்டலில் பிழை விட்டதில்லை என்று உள்ளூரப் பெருமை கொண்டவள் நான். ஆனால் ஆண்டுதோறும் அந்த வரியை அப்படியே எடுத்தெழுதியவளும் நான்தான். அது எந்த அறை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த அமர்வில் விடை தருகிறேன் என்றேன். முதலாளி என்னைக் குற்றம் சொல்லவில்லை. அடிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தவாறு சொன்னார்: “இல்லாத தையல்காரனுக்கு மாசாமாசம் நூல் வாங்கிக் குடுத்த மாதிரில்லா இருக்கு, மேடம்.”

ஒரு வரியைத் திருத்துவது

மறுநாள் காலை சொத்துப் பதிவேட்டையும் கட்டட வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தேன். ‘அலுவலகத்தின் பின்புறம், கிணற்றை ஒட்டி, பணியாளர் ஓய்வறை ஒன்று’ என்று தெளிவாக இருந்தது. வரைபடத்தோடு பின்பக்கம் நடந்தேன். கிணற்றை ஒட்டி ஒரே ஓர் அறைதான் உண்டு. நாங்கள் கூட்டம் நடத்தும் அறை. சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஓடு பதித்திருக்கும். கூட்டத்துக்காக அன்றிப் பின்பக்கம் வந்தறியாத நான், கட்டியவர்கள் மிஞ்சிய ஓடுகளை வீணாக்காமல் பதித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூலையில் தண்ணீர் போவதற்கான ஒரு துளை. பெருச்சாளி வருகிறது என்று அதைச் சாக்குத் துணியால் அடைக்கச் சொன்னதும் நான்தான்.

பழைய குறிப்புப் புத்தகங்களைத் தேடினேன். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளான காலத்துப் பக்கம் ஒன்றில், என் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘மழையில் முன்கூடம் ஒழுகுவதால் இன்றைய கூட்டம் தற்காலிகமாகப் பின்னறையில் நடைபெற்றது.’ முன்கூடத்தின் கூரையை அடுத்த கோடையிலேயே சரிசெய்தார்கள். அங்கே வரிவசூல் கணினிகள் வந்தன. குழு திரும்பிப் போகவில்லை.

செயல் அலுவலரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். வெளிமாவட்டத்துக்காரர்; பதவி உயர்வை எதிர்நோக்கி இருப்பவர்; தணிக்கையை நினைத்து அவருக்கு வியர்த்தது. பதிவேட்டில் ‘ஓய்வறை’ என்பதை அடித்துக் ‘கூட்ட அறை’ என்று எழுதிவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும், ஒரு வரிதானே என்றார். ஒளிப்பதற்கில்லை, ஒரு கணம் எனக்கும் அது வசதியாகவே தோன்றியது. அந்த ஒரு வரியோடு என் பிழையும் மறைந்துவிடும். ஆனால் ஒன்பதாம் பிரிவு மறுபடியும் ‘இடவசதி இன்மையால்’ என்றுதான் போகும், அதை எழுதப்போகிறவளும் நானே. எழுத்தில் உத்தரவு தந்தால் உடனே திருத்திவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். “உத்தரவெல்லாம் எதுக்கு மேடம்? சும்மா பேசிக்கிட்டுதானே இருந்தோம்.”

குழு எழுந்தது

மூன்றாம் அமர்வில் நால்வர் வந்திருந்தார்கள். ரசவடைக்கு இன்னும் நேரமிருந்தது. பதிவேட்டை வாசித்தேன், வரைபடத்தை மேசைமேல் விரித்தேன், கடைசியாக, என் கையெழுத்தில் இருந்த பழைய குறிப்பையும் வாசித்தேன். ஓர் உறுப்பினர், அப்படியானால் குழு எங்கே உட்காருவது, மன்றத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பீர்கண்ணு முதலாளி தம் பங்குக்கு அடிக்கோலால் கூரையைச் சுட்டினார். அந்த மின்விசிறி ஓய்வறைக் கணக்கில் வாங்கியது, ஆகவே குழு எங்கே போனாலும் விசிறி இந்த அறையை விட்டு வரக்கூடாது என்றார். முன்பு கேட்டவர் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார்.

தாணுலிங்கம் அண்ணாச்சி சுவரில் பதித்த ஓடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி ஒன்றைத் தடவினார். எந்தப் பொருளையும் அன்றே முடித்தறியாத அவர், பரிசீலிப்பது பற்றியோ நிதிநிலை பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாமல் கோப்பை மூடினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எந்திரிங்கவே எல்லாரும். அடுத்தவ வீட்டுல இருந்துல்லா நாம இத்தனை நாளும் வடை தின்னிருக்கோம்.”

சாவி

சாக்குத் துணியை எடுக்கவும், குழாய் இழுக்கவும், நடுவே தட்டி வைத்து மறைக்கவும் ஒரு வாரமாயிற்று. தாழ்ப்பாளை உட்புறமாக மாற்றினார்கள். சாவியை ஞானதங்கத்தின் கையில் கொடுத்தபோது, பெரிய மேசையை அப்புறப்படுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதில் வைத்துச் சோறு உண்ணலாம் என்றார். பேரூராட்சி வரைபடம் தொங்கிய ஆணியில் தம் துவர்த்தைத் தொங்கவிட்டார். துண்டுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

மறுநாள் மதியம் பார்க்கப் போனேன். குளித்து, தலை துவட்டி, பேருந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் உட்கார்ந்துதான் போனதாகவும், நின்றே பழகிய இடுப்புக்கு அது சரிப்பட்டு வரவில்லை என்றும் சிரித்தார். சொல்ல வேண்டியதை நானும் சொன்னேன். அந்தக் குறிப்பை எழுதியவள் நான், ஆண்டுதோறும் அந்த வரியைப் பார்க்காமல் எடுத்தெழுதியவளும் நான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். இது உங்கள் அறை என்பது உங்களில் எவருக்கும் தெரியாதா என்றும் கேட்டேன்.

தெரியும் என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு மாதம் இதே அறையில் குளித்திருக்கிறார். அப்புறம் ஏன் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்காமல் வேறோர் அறை கேட்டு மனு எழுதினீர்கள் என்றேன். அவர் ஈரத் துவர்த்தை உதறி ஆணியில் போட்டார். நான் மேலதிகாரி என்பதையும், வயதில் தம்மைவிட இளையவள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்போல ஒரு கணம் நிறுத்தி, பொறுமையாகச் சொன்னார்: “மழைக்கு ஒதுங்குனவங்கள எறங்கிப் போங்கோண்ணு எப்படிச் சொல்லுதது, சாறே? மழை விட்டா போவீங்கண்ணு இருந்தோம்.”

இப்போது குழு, விசிறி இல்லாத முன்நடையில் கூடி, ரசவடை வருவதற்கு முன்பே எல்லாப் பொருளையும் முடித்துவிடுகிறது. பத்தொன்பது ஆண்டுகள் நான் பொருள்பட்டியலை மாற்றி மாற்றி அடுக்கியும் சாதிக்க முடியாததைப் பங்குனி வெயில் இரண்டே அமர்வுகளில் சாதித்துவிட்டது என்பதையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.