கல்வெர்ட்டும் கல்வெட்டும்

தெரு முனையில் சாக்கடைமேல் இருந்த சின்னப் பாலம், அதான் கல்வெர்ட், இடிந்தது, சரிசெய்ய ஆளில்லை, செல்வியின் புருஷன் செத்தான். நான் தேர்தலுக்கு மைக்செட் ஆட்டோ ஓட்டுகிறவன்; கட்சி எழுதிக் கொடுத்ததைக் கத்த வேண்டும். என்னைப்போல் தொண்டை கட்டினவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லைப் பாதுகாப்பு

யூனியன் பிரதேசத்தில், பாகூர் பக்கம் எங்கள் ஊர். எம்.பி. தேர்தல். எல்லை, பொருளாதாரம், மாநில அந்தஸ்து என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாக்கடைமேல் இருந்த கல்வெர்ட் இடிந்து கிடந்ததால் ஆட்டோ தெருவுக்குள் போகவில்லை. முனையில் நின்றே எல்லையைக் காப்பாற்றினேன்.

சித்தாள் வேலைக்குப் போகும் செல்வி வந்தாள். "இன்னா மாமா, எல்லை கெடக்கட்டும். இந்தக் கல்வெர்ட்ட சொல்லேன்."

கட்சிக்காரர் ஏழுமலையிடம் கேட்டேன். சிரித்தார்.

"இது டெல்லி எலக்சன் பெருசு. இதுல போயி சாக்கடைய பேசுவாங்களா?"

மாலை

அந்த மழைக்காலத்தில் செல்வியின் புருஷனுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பெஞ்சில் படுக்கவைத்து, சாக்கடையில் இறங்கித் தூக்கினோம். கரை ஏறும்போதே உயிர் போய்விட்டது.

ஏழுமலை மாலையோடு வந்தார். அவர் தாண்டுவதற்குப் பலகை போட்டார்கள். போனதும் எடுத்துவிட்டார்கள்.

"அழாதம்மா. எம்.எல்.ஏ. எலக்சன் வரட்டும், இதத்தான் மொதல்ல பேசுவோம்."

மொதல்ல பேசினார்கள்

எம்.எல்.ஏ. தேர்தல் வந்தது. சொன்ன சொல் தவறவில்லை. அதே கட்சி, அதே ஆட்டோ. எல்லையைக் காணோம். கல்வெர்ட், சாக்கடை, செத்தவன் பெயர், எல்லாம் எழுதியிருந்தது. பெயரைப் படித்தேன். செல்வி ஓடிவந்து மைக் ஒயரைப் பிடுங்கினாள்.

"எம்புருசன் பேரச் சொல்லி ஓட்டு கேக்கறதுக்கு யாரு மாமா உன்கிட்ட சொன்னது?"

கொம்யூன்

எங்கள் பக்கத்து உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்துக்குத் தேர்தல் நடந்தாலாவது சாக்கடைக்கென்று ஓர் ஆள் இருப்பான். அதற்கு மைக் கட்டிப் பல வருஷமாகிறது. ஏன் நடத்தவில்லை என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"அதயும் நடத்திட்டா அப்புறம் எங்களுக்கு இன்னா வேலை?"

அடிக்கல்

ஜெயித்தார்கள். புதுக் கல்வெர்ட்டுக்கு அடிக்கல் என்று சாக்கடை ஓரம் தலைவர்கள் பெயர்கள் பொறித்த பெரிய கருங்கல்லை நட்டு, மாலை போட்டு, கைதட்டிப் போனார்கள். அதோடு சரி, ஒரு செங்கல் வரவில்லை.

ஒருநாள் காலை செல்வி கடப்பாரையோடு வந்தாள். கூட நாலு சித்தாள்கள். கல்லைச் சாய்த்து, பெயர்கள் சாக்கடையைப் பார்க்கக் குறுக்கே படுக்கவைத்து, மேலே கம்பி கட்டி, கலவை போட்டு மூடினார்கள். ஏழுமலை பதறி வந்தார். "தலைவர் பேருடி அது!"

செல்வி கலவை பூசும் கரணையை நிறுத்தவில்லை.

"கல்வெர்ட்டு கேட்டோம், கல்வெட்டு குடுத்தீங்க. ஓரெழுத்துதான தப்பு, திருத்திட்டேன்."

எம்.பி. தேர்தலில் நாட்டையும் எம்.எல்.ஏ. தேர்தலில் தெருவையும் நாங்கள் மைக்கிலேயே காப்பாற்றிவிட்டோம். கல்வெர்ட்டைக் கட்டினது மட்டும் செல்வி.