மலையேறிய குப்பை

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் குண்டூர் நாடு என்னும் ஊர்க்கூட்டத்தின் பக்கம் வாழைத்தாரும் பலாப்பழமும் ஏற்றி, அடிவாரத்தில் சேந்தமங்கலத்து மண்டி ஒன்றில் இறக்குவேன். திரும்பும்போது வண்டி காலி.

மண்டிக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் பெரிது. அவர் மண்டிக்குப் பின்னால் தார்த் தண்டும் பலாச் சக்கையும் அழுகிய காய்களும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். கடைத்தெருவில் மிச்சமானதெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

நான் பழம் ஏற்றும் தோட்டக்காரர்களில் ஓர் அக்கா இருந்தார். வருடா வருடம் மரவள்ளியே நட்டு அவர் நிலம் சத்திழந்திருந்தது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க, கீழ குப்பை கிடைக்குங்களா? மண்ணு வெறும் பொடியாப் போச்சுங்க. நாலு ஆட்டுப் புழுக்கை எந்த மூலைக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலையில் குப்பை என்றால் எரு, நிலத்துக்குச் சோறு. கீழே அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். மறுநாளே பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"எடுத்துட்டுப் போ சாமி! மொத்தத்தையும் எடுத்துட்டுப் போ!"

வாரி ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். ஏற்றத்தில் வண்டி சாயச் சாய, அடியிலிருந்து சாறு ஒழுக ஆரம்பித்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழி விட்டேன். அதன் கண்டக்டர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். "யோவ், என்னய்யா ஏத்திட்டுப் போறே?"

"சோறுங்க!" என்றேன்.

தோட்டத்தில் இறக்கிய குவியலுக்குள் அக்கா கையை விட்டதும் அவர் முகம் மாறியது. பாலித்தீன் பைகள், பாட்டில் சில்லுகள், பல்பு ஓடு, ஒற்றைச் செருப்பு. இருட்டும்வரை உட்கார்ந்து பொறுக்கினோம். சாக்கு சாக்காக வந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாக்குகளின் வாயை இறுக்கிக் கட்டினார். மறுநாள் காலை சாக்குகளை லாரியில் ஏற்றிவிட்டு, தானும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மண்டி வாசலில் அத்தனை சாக்கையும் அவரே அவிழ்த்துக் கொட்டினார். கடைத்தெரு கூடிவிட்டது.

"இதெல்லாம் எங்க மண்ணுல மக்காதுங்க. அதான் திருப்பிக் கொண்டாந்துட்டேன். மக்கறதைத் தனியாக் குடுங்க, எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

பாய் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குவியலில் கிடந்த செருப்பு அவர் கண்ணில் பட்டது. காலால் புரட்டிப் பார்த்தார். "அட, இது என்ற செருப்பு! போன மாசமெல்லாம் தேடுனேனே!"

தெருவே சிரித்தது. வெட்கத்தோடு அவரும் சிரித்தார். எல்லோரும் அடங்கிய பிறகும் அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த வாரமே மண்டி வாசலுக்கு இரண்டு டிரம் வந்தது. ஒன்று மக்குவதற்கு, இன்னொன்று மக்காததற்கு. பாயின் குரல் அப்போதுதான் ஊருக்குப் பயன்பட்டது. யாராவது டிரம் மாற்றிப் போட்டால் அவர் போடும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். மெஸ்காரர் சாப்பிட்ட இலையைத் தந்தார், டீக்கடையிலிருந்து டீத்தூள் சக்கை வந்தது, பூக்காரம்மா வாடிய பூவைக் கொண்டுவந்து போட்டார். பையையும் பாட்டிலையும் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். குப்பையைப் பிரித்து மக்க வைப்பது மலைக்குத் தெரிந்த வேலைதான். மாற வேண்டியிருந்தது கீழே இருந்த ஊர்தான்.

நான் ஏற்றிப்போன மக்கும் குப்பையை அக்கா குழியில் போட்டு மக்க வைத்து, மழைக்கு முன் நிலத்தில் இறைத்தார். மழை விழுந்ததும் மரவள்ளிக்கு நடுவே யாரும் விதைக்காத பூசணியும் தக்காளியும் முளைத்துக்கொண்டன. பூசணிக்கொடி வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய்க் காய்த்துவிட்டது. கேள்விப்பட்ட பாய், பார்த்தே ஆக வேண்டும் என்று என் லாரியில் ஏறினார். இத்தனை வருடம் மலைப்பழம் விற்றவர், அதுவரை மலையேறியதே இல்லை. பாதி வளைவிலேயே தலைசுற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். தோட்டத்தில் இறங்கியதும் தெம்பு வந்துவிட்டது.

"இது எங்க தெருப் பூசணியாக்கும்!" என்று ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்தார்.

"உங்க தெருதாங்க. மண்ணு மட்டும் எங்களது," என்றார் அக்கா.

லாரி நிறையப் பூசணி கீழே இறங்கியது. அடுத்து வந்த பெருநாளுக்கு பாய் வீட்டில் பிரியாணி, கூடவே அந்தப் பூசணி போட்ட தால்சா குழம்பு. டிரம்மில் ஒழுங்காகப் போட்டவர்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு. ஒழுங்காகப் போடாதவர்களும் வந்து சாப்பிட்டார்கள். மறுநாளிலிருந்து ஒழுங்காகப் போட்டார்கள்.

சில மாதங்களில் மலையின் இன்னொரு பக்கத்து எடப்புளி நாட்டுக்கு ஓடும் லாரிக்காரரும் வந்து எங்களுக்கும் ஒரு லோடு வேண்டும் என்று நின்றார். இன்று என் முறை, நாளை உன் முறை என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. "என்ற மண்டியில பழத்துக்குக்கூட எவனும் இப்படி அடிச்சுக்கலையே!" என்று பாய்க்கு ஒரே பூரிப்பு.

மரவள்ளி பிடுங்கும் நாளில் அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அக்காவும் சேர்ந்து பிடித்தார். கிழங்கு ஒரேயடியாகக் கழன்று வந்ததில் இருவரும் மல்லாந்து விழுந்தோம். தலையெல்லாம் கறுப்பு மண். எழுந்திருக்கத் தோன்றாமல் அப்படியே கிடந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.