காப்புறுதிக்கு வரைந்த படம்

வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய மாடியில் எங்கள் கணக்காய்வு நிறுவனம் இருந்தது. முதலாளியோடு ஐந்து பேர். பத்திரிகையில் ஒப்புநோக்கும் வேலையை விட்டு வந்த எனக்கு அலுவலகப் பொறுப்பு. தீ, கலவரம், குண்டு எல்லாவற்றுக்குமான காப்புறுதியைப் பல வருடமாக ஒரு சிங்கள முகவர் பார்த்துவந்தார். வருடா வருடம் வந்து பால் விடாத பிளேன்ரீ குடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார். கட்டடம் அவருக்கு மனப்பாடம்.

அந்த வருடம் முதலாளியின் மச்சான் மகன் கொட்டாஞ்சேனையில் முகவர் வேலை தொடங்கியிருந்தான். "எங்கட பெடியன். நாங்கள் குடுக்காமல் ஆர் குடுக்கிறது?" என்றார் முதலாளி. பழையவருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் "சரி, சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

புதிய கொம்பனி கட்டடத்தின் படம் கேட்டது. வாசல், பின்கதவு, சுற்றி என்னென்ன, எவ்வளவு தூரத்தில். தெரியாவிட்டால் போய் அளந்து எழுது என்பது பத்திரிகையில் பழகியது. நாடாவோடு இறங்கி அளந்து வரைந்தேன். பக்கத்துப் பெற்றோல் செட், பின் ஒழுங்கை, எதிரே மணல் மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண், ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் மாலையோடு பழைய காப்புறுதி முடிகிறது. அன்று காலையில் படத்தையும் பழைய பத்திரத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பெண் பொலிஸ் என் பையைத் திறந்து படத்தை விரித்தாள். அவள் விரல் காவலரணில் நின்றது.

"மே மொகக்த?"

என்ன இது என்று விளக்க எனக்கு அந்த நேரம் கடையில் சாமான் வாங்கும் சிங்களம்தான் வந்தது. "இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ்" என்றேன். பஸ் என்னை விட்டுப் போய்விட்டது.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி முதலாளிக்குப் போன் எடுத்து, இரண்டு கேள்வி கேட்டு வைத்தார். "இவரும் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்துக்கு யாழ்ப்பாணமா சாட்சி? சிங்கள ஆள் யாரும் இருந்தால் சொல்லு."

வாங்கில் பக்கத்தில் இருந்த பெண், உதடு அசையாமல், "பொழுதுபட முதல் வேற இடம் ஏத்திப்போடுவினம்" என்றாள்.

எனக்குத் தெரிந்த சிங்கள ஆளின் இலக்கம் ஒன்றுதான். பழைய பத்திரத்தில் குத்தியிருந்த முகவரின் அட்டை. இந்த வருடம் நாங்கள் வேண்டாம் என்று சொன்ன மனிதர். அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

மதியம் கழிந்து, குடையும் தோல் பையுமாக வந்தார். கண்ணாடி போட்டுப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சேர், இது நெருப்புக் காப்புறுதிக்கு. எல்லாக் கொம்பனியும் கேட்கிறதுதான்." பிறகு என்னிடம், அதே சிங்களத்தில், தங்கச்சி என்று அழைத்து: "நங்கி, பெற்றோல் செட்டை இவ்வளவு கிட்டக் காட்டினால் கட்டணம் ஏறுமே!"

பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் சிரித்தார். பொறுப்பதிகாரி சிரிக்கவில்லை.

"நீர்தானே இவர்களின் ஏஜன்ட்? அப்போ படம் ஏன் இவள் கையில்?"

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு முழங்கால் வருத்தம், சேர். நான்தான் கொண்டுவரச் சொன்னேன்."

பொலிஸ் புத்தகத்தில் பெயர், முகவரி எழுதி, அந்த நிறுவனத்தின் காப்புறுதி முகவர் என்று கையொப்பமிட்டார். என்னை விட்டார்கள். படத்தை விடவில்லை.

வெளியே வந்து குடையை விரித்தார். "உங்கள் ஏஜன்ட் என்று உள்ளே நான் சொன்னது பொய்யா மெய்யா என்று இனி உங்கள் முதலாளி மாத்தயாதான் முடிவு செய்யவேண்டும்." பையைத் தட்டினார். "பின்னேரம் வருகிறேன். பிளேன்ரீ போட்டு வையுங்கள்."

நான் சொன்னதை முதலாளி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தார். "தம்பி, இந்த வருசம் சரிவராது. ஓம். கோவிக்காதை."

முகவர் வந்ததும், தேநீர் வருவதற்கு முன்பே, முதலாளி கையெழுத்துப் போட்டார்.

படத்தைத் திருப்பிக் கேட்க எங்களில் ஒருவரும் போகவில்லை. காவலரணுக்கு எத்தனை அடி என்று என் கையெழுத்தில் இருக்கும் அந்தத் தாள் எந்தக் கோப்பில் கிடக்கிறதோ என்ற நினைப்பு, படையினரின் சுற்றிவளைப்பு நாட்களில் கதவு தட்டப்படும்போதெல்லாம் முதலில் வந்து நின்றது.