மிராசுதார் காரின் மீதி வேலை

நடந்தது இந்த வரிசையில்:

1. வெள்ளிக்கிழமை காலை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகைக்குள் நின்ற மிராசுதாரின் காருக்கு அவருடைய டிரைவர் எண்ணெயில் குழைத்த குங்குமப் பொட்டு வைத்தார். என் கணவர் அதற்குச் சந்தன நிறப் பெயின்ட் அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.
2. மத்தியானம் துடைத்துப் பார்த்தால் பானெட்டில் சிவப்புக் கறை. பெயின்ட் உள்ளே காயாதபோது எண்ணெய் இறங்கிவிடும்.
3. வேலை மட்டம் என்றார் டிரைவர். "பொட்டு வெச்சது நீங்க" என்றார் என் கணவர்.
4. வண்டியின் முன்னால் செருகிச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டிலால் டிரைவர் என் கணவரின் வலது மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.
5. இரண்டு ஆட்கள் அவரை மிராசுதார் வேர்க்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டைக் குடோனுக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் சாயங்காலம் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தின் மாப்பிள்ளை ஊர்வலம், அந்தக் காரில். கார் முடிந்தால் ஆள் வீடு வருவார் என்றார்கள்.

யுத்த காலத்தில் விழுப்புரத்தில் பெண்களுக்கு நடந்த வகுப்பில் பெயின்ட் வேலை படித்தவள் நான். பாலிஷ் போட மீதி இருந்தவை: இடப்பக்கக் கதவுகள், ஒரு மட்கார்ட், பானெட். பானெட்டில் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்தேன். கறை போனது, கூடவே பெயின்ட்டும் போய், காலணா அகலத்துக்கு அடிப்பூச்சு தெரிந்தது. மிஞ்சிய பெயின்ட்டைத் தொட்டு வைத்து, மறுநாள் வெயிலில் காயவிட்டு, பழைய வேட்டித் துணியால் பாலிஷ் போட்டேன். விரல்நுனிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பெயின்ட்டில் படாமல் துணி சுற்றிக்கொண்டேன்.

பிற்பகலில் டிரைவர் தனியாக வந்தார்.

"பொம்பளை நீதான் முடிச்சியா? உன் வூட்டுக்காரனுக்கு ஒரு பொடவை வாங்கிக் குடு."

"அவரு எங்க அண்ணே?"

"ஊர்வலம் முடியட்டும். அப்பறம் பாக்கலாம்."

பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவைத் திறந்தேன். கொஞ்சம் மட்கார்டில் ஊற்றினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கொப்புளித்துச் சுருண்டது. டப்பாவைப் பானெட்டுக்கு மேலே சாய்த்துப் பிடித்தேன்.

"கிட்ட வந்தா மொத்தமும் ஊத்துவேன். ஜல்தியா போய் அவரைக் கூட்டிக்கினு வாங்க."

அவர் ஹேண்டிலை ஓங்கினார். நான் இன்னும் சாய்த்தேன். பிறகு போனார்.

மாட்டு வண்டியிலிருந்து கணவரை மூட்டை மாதிரி இறக்கினார்கள். இரண்டு முன்பற்கள் இல்லை. கை முழங்கை வரை கருத்து வீங்கியிருந்தது. அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதும் டப்பாவைக் கீழே வைத்தேன். டிரைவர் என் இடது காதோடு சேர்த்து அறைந்தார். விழுந்து எழுந்தபோது கார் தெருமுனையில் இருந்தது. மட்கார்டைப் பூச்சரத்தால் மூடி ஊர்வலம் நடத்தினார்களாம்.

புகார் கொடுக்கவில்லை. இன்ஸ்பெக்டரும் அந்தக் காரில்தான் போய்வருவார்.

கணவரின் மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. பெயின்ட் அடிக்க முடியாது. கலவை அவர் சொல்கிறார், அடிப்பது நான். எனக்கு இடது காது கேட்பதில்லை. இப்போது கொட்டகையில் வேறொரு கார் நிற்கிறது, வேலை பாதி ஆகியிருக்கிறது.